கண்ணாடித் தொட்டியில் ஒரு காட்டோடை

மீன் வளர்க்கத் தொடங்கிய பலர், ஒரு கிழமைக்குள் மீன்கள் இறந்து மிதக்கக் கண்டு தொட்டியையே கைவிடுகின்றனர். குற்றம் மீனிலன்று, அவசரத்தில். மீனின் கழிவிலிருந்து அமோனியா என்னும் நஞ்சு பிறக்கிறது. அதனை மாற்றியமைக்கும் பற்றீரியாக்கள் பெருக ஏறக்குறைய ஒரு மாதம் செல்லும். ஆகவே, முதலில் செடிகளை நட்டு, மீன்களைப் பின்னர் சிலசிலவாக விடவேண்டும்.

மலாயத் தீபகற்பத்திலும் சுமாத்திராவிலும் காட்டோடைகளில் வாழும் றஸ்போறா என்னும் செம்பொன்னிறச் சிறுமீன் இதற்கு உகந்தது. உடலின் பின்பாதியில் கருமுக்கோணம் ஒன்றுண்டு. இரண்டு அங்குலத்துக்கு மேல் வளராது. 15 கலன் தொட்டியில் 10 மீன்கள் கூட்டமாய் நீந்தும். அவ்வோடைகளில் முளைக்கும் கிறிப்ற்றோக்கொறைன் இனச் செடிகளின் இலையடியில், தலைகீழாகத் திரும்பி இது முட்டையிடும். சுண்ணாம்பு மிகுந்த யாழ்ப்பாணக் கிணற்றுநீரில் அவை பொரிப்பதை எதிர்பார்க்கலாகாது. மழைநீர் கலப்பது நன்று.

இச்செடியை நட்ட சில நாட்களில் இலைகள் கூழாய்க் கரைவதுண்டு. பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். நானும் ஒருமுறை எறிந்தவன்தான்! வேர் உயிரோடிருக்கும், சில கிழமைகளில் புதுத்தளிர் விடும். யாவாப் பன்னத்தையோ மண்ணிற் புதைத்தால் அதன் கிடைத்தண்டு அழுகிவிடும்; மரத்துண்டொன்றில் நூலாற் கட்டிவைக்க வேண்டும்.

இரண்டுக்கும் மங்கிய ஒளியே போதும். வெயில் விழும் யன்னலருகே வைத்தால் பாசி படரும். கிழமைக்கொருமுறை காற்பங்கு நீரை மாற்றுவதே எஞ்சிய வேலை.