ஊழும் வழக்கும்

தீமை செய்தவர் செழிக்கின்றனர்; தீங்கறியாதவர் வாடுகின்றனர். தெய்வம் ஒன்று உண்டாயின் இஃது எவ்வாறு பொருந்தும்? இக்கேள்வி புதியதன்று. திருக்குறளில், அழுக்காறாமை என்னும் அதிகாரத்திலேயே இது தலைகாட்டுகிறது. வள்ளுவர் அங்கே விரைந்து விடை கூறிவிடவில்லை. எண்ணிப் பார்த்தற்குரியது என்று நம்மிடம் விட்டுச் செல்கிறார். அவர் விட்ட இடத்திலிருந்து, கேரள எல்லையிலுள்ள இரண்டு ஊர்களைக் கொண்டு சிறிது எண்ணிப் பார்ப்போம். ஒன்று இடுக்கி மாவட்டத்து மலை. மற்றொன்று பாலக்காட்டு மாவட்டத்துச் சமவெளி. இரண்டிலும் தமிழ் வழங்குகிறது. இரண்டிலும் நீதி கேட்டு எழுந்தவள் ஒரு பெண்.

முதலில் மலைக்குச் செல்வோம். குமுளிக்கு அருகே, பெரியாறு புலிகள் காப்பகத்தின் காட்டினுள், சுமார் 1,337 மீட்டர் உயரத்தில் மங்கலதேவி கோட்டம் நிற்கிறது. இடிந்த கற்சுவர்களே பெரும்பாலும் எஞ்சியுள்ளன. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த கோட்டம் இதுவே என்பது அப்பகுதி மக்களின் நம்பிக்கை. ஆண்டுக்கு ஒரு நாள், சித்திரைப் பௌர்ணமியன்று மட்டுமே, அடியார்கள் அங்குச் செல்லலாம். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பளியன்குடி வழியே நடந்து ஏறுவோரும், குமுளியிலிருந்து ஜீப்பில் வருவோரும் அன்று ஒரே சந்நிதியில் கூடுகின்றனர்.

கண்ணகியின் கதையை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும் அதில் நிகழ்ச்சிகள் எந்த வரிசையில் அமைந்துள்ளன என்பதைப் பலரும் கருதுவதில்லை. அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் அரண்மனையின் நம்பிக்கைக்குரியவனாய் நடமாடினான். திருடாத கோவலன் வெட்டுண்டான். அப்போது கண்ணகி ‘எல்லாம் விதி’ என்று மூலையில் அமரவில்லை. எஞ்சியிருந்த ஒற்றைச் சிலம்பைக் கையிலேந்தி, பாண்டியன் அவைக்குச் சென்று வழக்குரைத்தாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்பில் இருந்ததோ முத்து. சிலம்பு உடைந்தது, உண்மை வெளிப்பட்டது. தவற்றை உணர்ந்த மன்னன் அங்கேயே உயிர் நீத்தான்.

கோவலன் முற்பிறவியில் ஒரு வணிகனை ஒற்றனென்று பொய்கூறிக் கொல்வித்தான், அவ்வினையே இப்போது வந்தது என்று மதுரையின் காவல் தெய்வம் கண்ணகிக்கு எடுத்துரைக்கிறது. எப்போது? வழக்கு முடிந்து, மன்னன் மாண்டு, நகரில் தீ மூண்ட பின்னரே. அவள் அவைக்குப் புறப்படும்பொழுது எந்தத் தெய்வமும் எதிரே வந்து, ‘இது உன் கணவன் வினைப்பயன், திரும்பிப் போ’ என்று சொல்லவில்லை. ஊழை ஆழ்ந்து நம்பிய காப்பியம், அந்த ஊழை நீதிக்குத் தடையாக நிறுத்தவில்லை. வழக்கு முந்தியது; விளக்கம் பிந்தியது.

மற்றொன்றையும் மறைத்தலாகாது. தண்டனை குற்றவாளியோடு நின்றுவிடவில்லை. பின்னர்க் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்று காப்பியம் கூறுகிறது. அவர்கள் என்ன பிழை செய்தனர்? பழிதீர்த்தலையே தெய்வ நீதி எனக் கொண்டால் இத்தகைய கேடு நேரும்.

இனிச் சமவெளிக்கு வருவோம். பாலக்காட்டு மாவட்டம், சித்தூர் வட்டம், பெருமாட்டி ஊராட்சியில் பிளாச்சிமடை என்னும் சிற்றூர். அங்கே 2000ஆம் ஆண்டில் கொக்கோ கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. சிறிது காலத்தில் கிணற்று நீர் கெட்டுவிட்டது, அதில் ஆக்கிய சோறு வீணாகிறது என்று பெண்கள் முறையிட்டனர். நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாயிலில் அறப்போராட்டம் தொடங்கியது. அதன் முன்னணியில் இருந்தவர் மயிலம்மா என்ற எரவாளர் பழங்குடிப் பெண்மணி. ஆலைக்கழிவு உழவர்களுக்கு உரமெனத் தரப்பட்டது. 2003இல் பி.பி.சி. வானொலி அதை ஆராயச் செய்தபோது காட்மியமும் ஈயமும் காணப்பட்டன. 2004 மார்ச்சில் ஆலை நின்றது.

ஆயினும் கதை அங்கு முடியவில்லை. கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு, 2010இல், இழப்பு 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைக்க 2011இல் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் இசைவு அதற்குக் கிட்டவில்லை. அந்த நிறுவனம் உலகெங்கும் வாணிகம் செய்துகொண்டிருக்கிறது. மயிலம்மா 2007 ஜனவரியில் காலமானார். ஆலை நின்றதைக் கண்டார், இழப்பீட்டைக் காணவில்லை. இதனைத் தெய்வ நீதி என்பதா?

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்குச் சட்ட ஏடுகளில் ‘தெய்வச் செயல்’ என்ற தொடர் அடிக்கடி எதிர்ப்படும். புயல், நிலநடுக்கம் போன்று, மனிதர் எவரும் தடுக்கவியலாத கேட்டையே அது குறிக்கும். மனிதன் செய்த தீங்கை அக்கணக்கில் எழுதச் சட்டம் இடங்கொடாது. சட்டம் காட்டும் இந்த எச்சரிக்கையைப் பக்தர்களாகிய நாம் காட்டுகிறோமா? அயலான் அநீதிக்கு உள்ளாகும்போது, ‘அவன் தலையெழுத்து’ என்று எளிதில் கூறிவிடுகிறோம். அச்சொல் துன்புற்றவனுக்கு ஆறுதல் தருவதில்லை. தீங்கு செய்தவனுக்கே அரணாகிறது.

கண்ணகிக்குக் கோவலன் இவ்வுலகில் மீளவில்லை. மயிலம்மாவுக்கு இழப்பீடு வரவில்லை. தெய்வத்தின் கணக்கு நம் ஆயுளுக்குள் தீரும் என்று உறுதி கூற எவராலும் இயலாது. ஆனால் நீதி என ஒன்று உண்டு என்று உள்ளூர நம்பாதவர் அரசவை வாயிலிலோ ஆலை வாயிலிலோ சென்று நிற்பாரா? நின்றவர்களின் துணிவிலேயே அந்நம்பிக்கையின் பயனை நாம் காண்கிறோம்.

தாய்மண்ணை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நேயர்கள், மொழியறியாத ஊரில் கூலி குறைந்தபோதும் உரிமை மறுக்கப்பட்டபோதும், ‘ஆண்டவன் பார்த்துக்கொள்வான்’ என்று பெருமூச்சு விட்டிருக்கக்கூடும். அச்சொல்லில் பிழையில்லை. அதைச் சொல்லிவிட்டு வீடு திரும்புகிறோமா, சிலம்பை எடுத்துக்கொண்டு அவைக்குப் புறப்படுகிறோமா என்பதே கேள்வி. சித்திரைப் பௌர்ணமியன்று அம்மலையேறுவோர் வழிபடுவது, வழக்குரைத்த பின்னரே விண்ணேகிய ஒருத்தியை அல்லவா?