உதவித்தொகை ஆணையத்தில் மாணவர் இருக்கை

கல்லூரி உதவித்தொகையை நிர்வகிக்கும் அரசு அமைப்பில், அதனைப் பெறுவோருக்கும் இடம் வேண்டாவா? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் வேண்டும் என்கிறது. 1955-இல் தோன்றிய அம்மாநில மாணவர் நிதியுதவி ஆணையத்தில் 15 உறுப்பினர்கள். அவர்களுள் இருவர் மாணவர். ஏனையோரின் பதவிக்காலம் 4 ஆண்டுகள், மாணவருக்கோ இரண்டே. வரவு செலவுத் திட்டத்தின் நுணுக்கம் பிடிபடுமுன் பதவி முடிந்துவிடுகிறது. இது சிறு குறையன்று. பதினைவரில் இருவர் பெரும்பான்மையாகவும் முடியாது. ஆயினும், விண்ணப்பத்தின் எந்த வினா குழப்புகிறது, தொகை தாமதித்தால் விடுதிக் கட்டணம் என்னாகிறது என்பவற்றைக் கோப்புகள் சொல்வதில்லை, மாணவரே சொல்வர்.

இந்தியாவில் பட்டியல் வகுப்பு மாணவர்க்கான மெட்ரிக் பிந்திய உதவித்தொகை 1944-இல் தொடங்கியது. மாவட்ட அளவில் இதனை ஆய்வு செய்யும் கூட்டங்களுக்குப் பயன்பெறும் மாணவர் ஒருவரை அழைக்கச் சட்டத்திருத்தம் தேவையில்லை. நிர்வாக ஆணையே போதும்.