வரன் வரும்வரை காத்திருக்க வேண்டாம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



போன மாதம் ஒரு குழுவில் உள்கடன் கேட்டு ஒரு விண்ணப்பம் வந்தது. மகளுக்கு 19 வயது, வரன் பார்க்கிறார்கள். மேல்பல் முன்னால் நீட்டிக்கொண்டு இருப்பதால் கிளிப் போடணும் என்று அம்மா கேட்டார். "அழகுக்கெல்லாம் கடன் கொடுக்க முடியாதும்மா" என்று சிலர் சொல்லிவிட்டார்கள்.

நாங்கள் அந்தப் பெண்ணைப் பல் சீரமைப்பு மருத்துவரிடம் கூட்டிப்போனோம். படம் எடுத்துப் பார்த்துவிட்டு அவர், "பல் மட்டும் காரணமில்லை. கீழ்த்தாடை வளராமல் பின்னால் நின்றுவிட்டது. பத்துப் பன்னிரண்டு வயதில் வந்திருந்தால் வளரும் தாடையை வழிக்குக் கொண்டுவர முயன்றிருக்கலாம். இப்போது நல்ல பல்லைப் பிடுங்கி இடம் உண்டாக்கிக் கம்பி போடணும், இல்லையென்றால் அறுவை சிகிச்சை" என்றார்.

அந்த அம்மா எங்களைத்தான் பார்த்தார். "சின்னப் புள்ளையா இருக்கும்போதே முகாம்ல கேட்டேனே, பல்லெல்லாம் விழுந்து முளைக்கட்டும்னு நீங்கதானே சொன்னீங்க?" உண்மைதான். தெரியாமல் சொல்லிவிட்டோம். அந்தத் தவறு இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்றுதான் இன்று பேசுகிறோம்.

தோழிகளே, பெண் குழந்தைக்குத் தாடை வேகமாக வளர்வது பெரும்பாலும் வயதுக்கு வருவதற்கு முந்தைய ஓரிரு வருடங்களில். அதற்குப் பிறகு வளர்ச்சி குறைந்துகொண்டே போகும். ஆண் பிள்ளைக்கு இது ஓரிரு வருடம் தள்ளி வரும். நாம் என்ன செய்கிறோம்? மஞ்சள் நீராட்டு முடிந்து, படிப்பு முடிந்து, வரன் வரும்போதுதான் மகளின் பல்லைப் பார்க்கிறோம். அதற்குள் காலம் போய்விடுகிறது.

ஏழு வயதில் ஒரு தடவை வீட்டிலேயே பாருங்கள். பிள்ளையைக் கடைவாய்ப் பல்லைச் சேர்த்துக் கடிக்கச் சொல்லி, உதட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

1. மேல்பல் நீட்டிக்கொண்டு உதடு மூடாமல் இருக்கிறதா? விழுந்தால் முதலில் உடைவது இந்தப் பல்தான்.
2. கீழ்ப்பல் மேல்பல்லுக்கு முன்னால் வருகிறதா? இதைச் சீக்கிரமே காட்ட வேண்டும். தள்ளிப்போடக் கூடாது.
3. கடிக்கும்போது தாடை ஒரு பக்கமாக ஒதுங்குகிறதா?
4. பின்பல் சேர்ந்தும் முன்பல்லுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா? விரல் சப்பும் பிள்ளைகளுக்கு இது வரும்.

தூங்கும்போது வாயால் மூச்சு விடுகிறதா என்றும் கவனியுங்கள். அப்படி இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் காட்டணும்.

மருத்துவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? பல்லை அச்செடுத்து மாவுக்கட்டு மாவில் மாதிரி செய்வார்கள். தாடை முழுவதும் தெரிய ஒரு எக்ஸ்ரே, முகத்தைப் பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே எடுப்பார்கள். தவறு பல்லிலா, மேல்தாடையிலா, கீழ்த்தாடையிலா என்று கோடு போட்டு அளப்பது இந்தப் பக்கவாட்டுப் படத்தில்தான். அதில் தெரியும் கழுத்தெலும்பை வைத்து வளர்ச்சி எவ்வளவு பாக்கி என்றும் கணிப்பார்கள். கடைவாய்ப் பல் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகிறது என்பதை வைத்து 1899-ல் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் மூன்று வகை பிரித்தார். இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

அந்தக் கடைவாய்ப் பல் ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலேயே பின்னால் முளைக்கும். பால் பல் என்று நினைத்துச் சொத்தையாக விட்டுவிடாதீர்கள், அது நிரந்தரப் பல். பால் பல்லையும் அலட்சியம் செய்யக் கூடாது. சொத்தையால் முன்கூட்டியே எடுத்துவிட்டால் பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். இடத்தைக் காக்கச் சின்னக் கம்பி வைக்க முடியும். மருத்துவரிடம் கேளுங்கள்.

சிகிச்சை வயதைப் பொறுத்தது. சிறு வயதில் கழற்றி மாட்டும் பிளேட், தாடையை முன்னே கொண்டுவரும் கருவி. நிரந்தரப் பல் முளைத்தபின் ஒட்டும் கிளிப், பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு வருடம். கழற்றிய பிறகும் பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் இருக்க ரிட்டெய்னர் போட வேண்டும். இதை விட்டுவிட்டால் கட்டிய பணம் வீண்.

இடைவெளியை மூட ரப்பர் பேண்டை நாமே பல்லில் மாட்டக் கூடாது. அது ஈறுக்குள் ஏறி நல்ல பல்லையே ஆட வைத்துவிடும். படிக்காதவர் போடும் மலிவு கிளிப்பும் வேண்டாம். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. பக்கத்துப் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் விசாரிக்கலாம். மாதாமாதம் போய்வர வேண்டும் என்பதால் பேருந்துச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அந்தக் குழு மறுபடி கூடி, மருத்துவச் செலவு என்று எழுதிக் கடன் கொடுத்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு ஏழு வயதில் ஒரு தங்கை இருக்கிறாள். அக்காவோடு அவளையும் கூட்டிப்போய்க் காட்டிவிட்டோம்.

அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் ஏழு முதல் பத்து வயதுப் பிள்ளைகளின் பட்டியலைத் தீர்மான நோட்டில் எழுதிக் கொண்டு வாருங்கள். சேர்ந்தே கூட்டிப்போவோம்.