இரண்டு கை, இரண்டு பிள்ளை
(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



பிள்ளை வளர்ப்பைப்பற்றிச் சில வார்த்தை பேசுமாறு செயற்குழுவினர் எங்களைக் கேட்டனர். அது பெரும் பொருள். எங்களுக்கு அதில் ஒரு மூலைதான் தெரியும். நடக்கமாட்டாத ஒரு சிறுபிள்ளையையும், பால் மறவாத ஒரு கைக்குழந்தையையும் கொண்டு படலையைத் தாண்டி வெளியே போய்த் திரும்புவது எப்படி என்பதே அம்மூலை. மேடையில் நிற்பவர் ஒருவராயினும் உரை தாய் தந்தை இருவருடையது; ஆதலின் ‘நாங்கள்’ என்றே பேசுவோம்.

எங்கள் மூத்தவளுக்கு வயது 5. அவளுக்குள்ளது பெருமூளை வாதம். கிரகபலன் என்பாரும், முன்வினை என்பாரும் உளர். அவர்களோடு வழக்காட இன்று நேரமில்லை. பிறப்பதற்கு முன்னரோ, பிறக்கும்பொழுதோ, பிறந்து சிறிது காலத்துள்ளோ வளரும் மூளைக்கு நேர்ந்த சேதம் அது. அச்சேதம் நாளுக்கு நாள் பெருகுவதன்று. ஆனால் அசைக்காது விட்டால் தசை இறுகும். மூட்டு மடங்கிய நிலையிலே நின்றுவிடும். வீட்டிலே நாங்கள் காலை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுக்கலாம், கொடுக்கிறோம். எனினும், எந்தப் பயிற்சியை மாற்றவேண்டும், கணுக்காலுக்குப் பொருத்தும் தாங்கி இன்னும் பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்ல இயன்மருத்துவர் வேண்டும். அவர் இருப்பது பட்டணத்து ஆசுபத்திரியில். ஆகவே வெளியே போவது எங்களுக்கு உல்லாசப் பிரயாணமன்று.

சின்னவன் பிறக்குமுன் இது பெரும் பாடாக இருக்கவில்லை. ஒருவர் அவளைத் தூக்குவார். மற்றவர் வேலைக்குப் போவார். சின்னவன் சத்திரசிகிச்சையாற் பிறந்தான். தாய் ஏறத்தாழ 6 கிழமைக்குக் குழந்தையிலும் பாரமான எதையும் தூக்கலாகாது என்று ஆசுபத்திரியிற் சொல்லிவிட்டனர். மூத்தவளோ 14 கிலோ. துடக்கு 31 நாள், அதன்பின் மழை, அதன்பின் தந்தைக்கு விடுமுறை தீர்ந்தது. இப்படியே 3 மாதம் அவள் படலைக்கு வெளியே போகவில்லை. நான்காம் மாதத்திலே போனபொழுது பழைய தாங்கி காலுக்கு ஏறவில்லை. குதிகாலை இழுத்துப்பிடிக்கும் நரம்பு இறுகியிருந்தது. முன்னர் அவளுடைய பாதம் நிலத்திலே முழுவதும் படியும். இப்பொழுது விரல்கள் மாத்திரமே படிகின்றன. நாங்கள் இன்று பேச வந்ததற்கு இதுவே காரணம்.

அவளை வீட்டிலே நிறுத்தியது அவள் கால் என்று ஊரார் எண்ணுவர். அன்று. அவள் கால் முன்னரும் அப்படித்தான் இருந்தது. பஸ்ஸின் படி, ஒழுங்கையின் மணல், ஒருவருக்கு இரண்டு கைதான் என்ற கணக்கு, இவைதாம் நிறுத்தின. கணக்கைப் பாருங்கள்: பெரியவர் ஒருவர், பிள்ளைகள் இருவர், மடித்து வைக்கக்கூடிய சில்லு நாற்காலி ஒன்று, துணியும் பால்மாவும் மருந்தும் அடங்கிய பை ஒன்று. பஸ்ஸோ தரிப்பில் நிற்பது அரை நிமிடம். பின்னால் இன்னொரு பஸ் துரத்தி வந்தால் அதுவும் இல்லை. நாற்காலிக்குத் தனியாக ரிக்கற் எடுக்கவேண்டும் என்று ஒரு கொண்டக்டர் வாதாடியதுண்டு. அவளை ஏற்றியபின் நாற்காலி வீதியிலே நிற்க, பஸ் நகர்ந்ததும் உண்டு. ஓட்டோ பிடித்தால் வீட்டு வாசலுக்கே வரும், உண்மை. ஆனால் கிழமைதோறும் போகவர ஓட்டோவுக்குக் கொடுப்பதென்றால் அடுப்பங்கரைச் செலவிலே கைவைக்கவேண்டும்.

நாங்கள் கண்டுகொண்ட முறை இது. கைக்குழந்தையை நீளத் துணியால் மார்போடு கட்டிக்கொள்வது. கட்டும்பொழுது குழந்தையின் முகம் எப்பொழுதும் எங்களுக்குத் தெரியவேண்டும். மூக்கைத் துணி மூடலாகாது. நாடி மார்பிலே குத்தி மடங்கியிருக்கலாகாது, மடங்கினால் மூச்சு அடைபடும். குனிந்தால் உச்சியை முத்தமிடக்கூடிய உயரத்தில் இருப்பதே சரி. அப்பொழுது இரண்டு கையும் மூத்தவளுக்கு ஆகும். ஏறும்பொழுது அவள் முதலில், நாற்காலி பின்னர். இறங்கும்பொழுது நாற்காலி முதலில். அதை விரித்து, பிறேக் போட்டபின்னரே அவள். இந்த ஒழுங்கு மாறினால் எல்லாம் மாறும். தடுப்பூசிக்குச் சின்னவனை 2ஆம், 4ஆம், 6ஆம் மாதங்களிற் கொண்டுபோக வேண்டும். அந்த நாளையும் மூத்தவளின் பயிற்சி நாளையும் ஒன்றாக்கித் தரும்படி மருத்துவமாதுவைக் கேட்டோம். அவர் முகஞ்சுளியாமல் ஒழுங்கு செய்தார். ஒரு பிரயாணம் மிச்சம்.

நிற்க. உதவி செய்ய மனமில்லாதவர் நம்மவர் என்று நாங்கள் சொல்லமாட்டோம். பஸ்ஸிலே இருப்பவர், நிற்பவருடைய பையைத் தம் மடியில் வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் நாட்டில் இன்னும் சாகவில்லை. ஆனால் எங்களைக் கண்டவுடன் எல்லாரும் நீட்டுவது கைக்குழந்தைக்குத்தான். அவன் கட்டுண்டு சுகமாக நித்திரை கொள்கிறான், பாரமும் இல்லை. வாங்கவேண்டியது நாற்காலியை. அதை வாங்க ஒருவரும் வருவதில்லை, எங்கே பிடிப்பது என்று தெரியாமையால்.

இன்னொன்று. சிலர் அன்பு மிகுதியால் மூத்தவளைத் திடீரென்று அக்குளிலே கைகொடுத்துத் தூக்கிவிடுவர். சொல்லாமற் தொட்டால் அவள் உடம்பு விறைத்துக் கொள்ளும். கால் இரண்டும் கத்தரிபோலப் பின்னிக்கொள்ளும். பிறகு யாராலும் அவளை இருத்த முடியாது. முன்னால் வந்து, “பிள்ளை, தூக்கட்டோ?” என்று கேளுங்கள். அவள் கண்ணை மேலே உயர்த்தினால் ஓம் என்பது பொருள். பேச்சு வராதேயன்றி விளங்காததொன்றில்லை. “மற்றப் பிள்ளையும் இப்படியோ?” என்று அவள் தலைக்குமேலாக எங்களைக் கேட்பவர்கள் இதை மனத்திற் கொள்வாராக.

மணலைப்பற்றியும் சொல்லவேண்டும். நாற்காலியின் முன்சில்லு சிறியது, மணலிற் புதையும். தள்ளினால் மேலும் புதையும். திருப்பிப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்தால் பெரிய சில்லு வழிவிடும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வீதியை மறித்திருப்பார்கள். தடுப்பிலிருந்து வாசல்வரை இப்படித்தான் இழுத்துச் சென்றோம். மூத்தவள் கோபுரத்துக்கு முதுகு காட்டியபடி, வருகிற சனத்தையெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தாள். அதிலே அவளுக்கு மெத்தச் சந்தோஷம். எங்களூர்க் கோயில் வாசலிலே ஒரு பெரியவர், தெருவில் உருண்ட சில்லு உள்ளே வரலாமோ என்று கேட்டார். நாங்கள் கால் கழுவிக்கொண்டு வருகிறோம், அவளுக்கு இதுதான் கால் என்றோம். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பின் தாமே கிணற்றடிக்குப் போய் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து சில்லை ஊற்றிக் கழுவினார்.

சட்டம் இல்லையோ என்பீர்கள். உண்டு. இயலாமையுடையோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. பொதுக் கட்டிடங்களுக்குள் அவர்கள் புகுவதற்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. தாமே சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு வழக்காடிய அஜித் பெரேரா அவர்களின் மனுவின்மேல் 2011இல் உயர் நீதிமன்றம் அவ்விதிகளைக் கைக்கொள்ளும்படி கட்டளையிட்டது. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை 2016இல் இலங்கை ஏற்று உறுதிசெய்தது. சட்டம் கொழும்பிலே இருக்கிறது. படி எங்களூரிலே இருக்கிறது.

இந்த மண்டபத்தின் வாசற்படியை நேற்று அளந்தோம். 14 அங்குலம். ஓரங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்பது சாய்தளத்துக்குப் பொதுவாக வழங்கும் கணக்கு. ஆகவே 14 அடி வேண்டும். சைக்கிள் நிறுத்தும் பக்கத்திலே 20 அடி இருக்கிறது. நீளத்தை மிச்சம் பிடிக்கவேண்டாம். ஓரிடத்திலே கூரைபோலச் சரித்துக் கட்டி, வழுவழுப்பான ஓடும் பதித்துவிட்டார்கள். அதிலே நாற்காலியை ஏற்ற இரண்டு ஆண்பிள்ளைகள் வேண்டியிருக்கிறது. படியே பரவாயில்லை. சீமெந்தைச் சொரசொரப்பாக விடுங்கள், போதும். அதுவரை, படியில் ஏற்றும்பொழுது நாற்காலியைப் பின்புறமாகத் திருப்பி இழுக்கவேண்டும், பின்னால் ஒருவர், முன்னால் ஒருவர். இறக்கும்பொழுது பெரிய சில்லு முதலில்.

இப்பொழுது புதன்கிழமைகளில் அயல்வீட்டுப் பையன் ஒருவன் பஸ் தரிப்புவரை எங்களோடு வருகிறான். நாற்காலியை மடித்து ஏற்றிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவான். திரும்பும்பொழுது பட்டணத் தரிப்பிலே அப்படி ஒருவர் இல்லை. இச்சங்கத்து அங்கத்தவரிற் பலர் அந்நேரத்தில் அவ்வழியாகத்தான் வீடு திரும்புகிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

கூட்டம் முடிந்தபின் நாற்காலியை முன்றிலில் வைத்திருப்போம். விரும்பியவர் மடித்துப் பார்க்கலாம். முதலிற் கால்தாங்கிகளை மேலே உயர்த்திவிட்டு, இருக்கைத் துணியை நடுவிலே பிடித்து மேலே தூக்கினால் தானே மடியும். விரிக்கும்பொழுது மாத்திரம் விரல்களைக் குழாயின் இடுக்கிலே வைக்கவேண்டாம், நசுக்கிவிடும்.