தோல் மாற்றுபவன்: ஏட்டிலிருந்து திரைக்கு



மரத்தூண்கள் வரிசையாக நிற்கும் நெடிய கூடம். நடுவில் எரிந்த நெருப்பு தணிந்து கனலாகிவிட்டது. சுவரோரம் வைக்கோற் படுக்கையில் படுத்திருக்கும் பில்போ என்னும் சிறிய மனிதன் நள்ளிரவில் விழித்துக்கொள்கிறான். வெளியே ஏதோ பெரிய விலங்கு உறுமுகிறது. கதவருகே உடம்பை உரசிக்கொண்டு நடமாடுகிறது. மாலையில் தேனும் ரொட்டியும் கொடுத்து உபசரித்த வீட்டுக்காரன்தான் அதுவோ, உள்ளே வந்து அனைவரையும் கொன்றுவிடுவானோ என்று அவன் அஞ்சுகிறான். போர்வைக்குள் தலையை இழுத்துக்கொள்கிறான். அச்சத்தையும் மீறி உறங்கியும் போகிறான்.

ஜே.ஆர்.ஆர். டோல்கீன் எழுதி 1937 செப்டம்பரில் வெளிவந்த ‘ஹாபிட்’ நாவலின் ஏழாம் இயலில் வரும் காட்சி இது. வீட்டுக்காரனின் பெயர் பியோர்ன். சில வேளை பெருத்த கருங்கரடி. சில வேளை கருந்தாடியும் பருத்த கைகளும் கொண்ட ஆஜானுபாகுவான மனிதன். மனிதன் கரடியாகும் கணம் என்று ஒன்று உண்டல்லவா? அந்தக் கணத்தை ஆசிரியர் நாவலில் ஓரிடத்திலும் எழுதவில்லை. பில்போ கேட்பது ஓர் உறுமல் மட்டுமே. காலையில் எழுந்தால் வீட்டுக்காரனைக் காணோம். மந்திரவாதி காண்டால்ஃப் பகலெல்லாம் வெளியே திரிந்து, மாலையில் வந்து, வீட்டைச் சுற்றிலும் கரடிகளின் காலடித் தடங்கள் கிடப்பதைச் சொல்கிறான். சிறியவையும் பெரியவையுமாக அங்கே ஒரு கரடிக் கூட்டமே கூடிக் கலைந்திருக்க வேண்டும் என்கிறான். பின்னர்ப் பயண வழியில் ஓரிரவு நிலவொளியில் நிழல் போன்ற ஓர் உருவம் அவர்கள் போகும் திசையிலேயே நடந்து வருகிறது. பில்போ அதைச் சுட்டிக்காட்ட வாயெடுத்ததும் காண்டால்ஃப் அவனை அடக்கிவிடுகிறான். உறுமல், தடம், நிழல். இந்த மூன்றைக் கொண்டே வாசகன் கரடியைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

இவ்வாறு விடப்பட்ட இடத்தைத் திரைப்படம் என்ன செய்யும் என்பதே இங்கு ஆராயப்படும் பொருள். கவிஞர்கள் நிறைந்த அவையில் இதனைப் பேசக் காரணம் உண்டு. சொல்லாமல் விடுவதைத் தொழிலாகக் கொண்டவர்கள் அவர்கள்.

பியோர்னைக் குறிக்க நாவல் ஆளும் சொல் ‘தோல் மாற்றுபவன்’ என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடர். அதைக் கேட்டவுடன் பில்போ, முயல் தோலை அணில் தோலென்று விற்கும் தோல் வியாபாரியோ என்று நினைத்துவிடுகிறான். வெறும் நகைச்சுவையாகத் தோன்றும் இவ்விடத்தில் ஆசிரியரின் புலமை ஒளிந்திருக்கிறது. டோல்கீன் ஆக்ஸ்போர்டில் பழைய ஆங்கிலப் பேராசிரியர். வடபுலத்துப் பழைய நார்ஸ் மொழியில் ‘ஹம்ர்’ என்ற ஒரே சொல் தோலையும் குறிக்கும், உருவத்தையும் குறிக்கும். ‘பியோர்ன்’ என்பதும் அத்தகையதே. பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் வீரன், மனிதன். அதனோடு உறவுடைய நார்ஸ் மொழிச் சொல்லின் பொருள் கரடி. ஒரு பெயருக்குள்ளேயே இருவரும் குடியிருக்கிறார்கள். கதை தொடங்குமுன்பே உருமாற்றம் சொல்லில் நிகழ்ந்து முடிந்துவிட்டது. இதை எந்தப் படக்கருவியால் எடுக்க இயலும்?

தமிழில் இதற்குக் ‘கூடுவிட்டுக் கூடு பாய்தல்’ என்று சொல்லிவிடத் தோன்றும். அது சற்றே வேறு. கூடு பாய்பவன் தன் உடம்பைக் கிடத்திவிட்டு உயிரை மட்டும் வேறோர் உடம்புக்குக் கொண்டு செல்கிறான். பியோர்னின் முன்னோடி எனக் கருதத்தக்க பழங்கதை ஒன்று இதற்கு நெருங்கி வருகிறது. ஐஸ்லாந்து மொழியில் வழங்கும் ஹ்ரோல்ஃப் கிராகி மன்னனின் கதையில் போத்வர் பியார்கி என்னும் வீரன் உண்டு. கடைசிப் போரில் மன்னனுக்கு முன்னே ஒரு பெருங்கரடி நின்று பகைவரை வீழ்த்துகிறது. பியார்கியோ கூடத்தில் அசையாமல் அமர்ந்திருக்கிறான். விவரம் அறியாத நண்பன் வந்து அவனை உலுக்கி எழுப்புகிறான். அவன் எழுந்த கணத்தில் போர்க்களத்தில் கரடி மறைந்துபோகிறது. போரும் தோல்வியில் முடிகிறது. பியோர்னிடத்தில் இந்தப் பிரிவு இல்லை. அவனுக்கு இருப்பது ஓருடம்பு, அதுவே இரண்டாகிறது. அவன் எவருடைய மந்திரத்துக்கும் ஆட்பட்டவன் அல்லன், மந்திரம் அவனுடையதே என்று காண்டால்ஃப் விளக்குகிறான்.

மனித உருவிலும் அவன் கரடியாகவே நடந்துகொள்வதுதான் நாவலின் நுட்பம். தேனும் பாலாடையும் உண்பவன், புலால் உண்ணாதவன். பொன்னும் மணியும் அவனுக்குப் பொருட்டல்ல. வெண்ணிற ஆடுகள் மேசை விரிப்பைக் கொணர்கின்றன. நாய்கள் பின்கால்களில் நின்று பணிவிடை செய்கின்றன. அவன் எளிதில் சினப்பான் என்பதால், பதின்மூன்று குள்ளர்களையும் ஒருசேர அழைத்துவர அஞ்சுகிறான் காண்டால்ஃப். தங்கள் கதையைச் சொல்லிக்கொண்டே ஐந்து நிமிடத்துக்கு இருவராக வரச் செய்கிறான். கதை அறுந்துவிடுமோ என்ற ஆவலில் பியோர்ன் ஒவ்வோர் இருவரையும் பொறுத்துக்கொள்கிறான். கதை கேட்கும் ஆசையால் அடங்கிக் கிடக்கும் விலங்கு! அடுத்து வருவதுதான் நடுங்க வைப்பது. கேட்ட கதை மெய்தானா என்று பார்க்க அவன் இரவோடிரவாக மலைக்குப் போய் வருகிறான். திரும்பியதும் வாய்விட்டுச் சிரிக்கிறான், விருந்தினரைக் கொண்டாடுகிறான். வாயிலுக்கு வெளியே ஒரு குகைப்பேயின் தலை குத்தப்பட்டிருக்கிறது. மரத்தில் ஓநாய்த் தோல் ஆணியால் அறையப்பட்டிருக்கிறது. சிரிப்பும் தலையும் ஒரே ஆளுடையவை.

இந்நூல் வெளிவந்து இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள், 1939 மார்ச்சில், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் டோல்கீன் தேவதைக் கதைகளைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அது விரிவாக்கப்பெற்று 1947 இல் அச்சாயிற்று. நாடகமும் அற்புதக் கற்பனையும் இயல்பிலேயே ஒன்றுக்கொன்று பகை என்பது அதில் அவர் கொண்ட நிலை. சிறுவர்க்கான மேடைக் காட்சி ஒன்றில் அரக்கன் எலியாக மாறியதைத் தாம் கண்டதாக எழுதுகிறார். விளக்கொளியின் உதவியால் அதைச் சாமர்த்தியமாகத்தான் செய்தார்களாம். ஆயினும் நம்பிக்கை பிறக்கவில்லை. அந்த மாற்றம் பொறிநுட்பத்தில் முழு வெற்றி பெற்றிருந்தாலும் பார்ப்பவர் ஒன்று அஞ்சியிருப்பர், அன்றேல் உயர்ந்த கண்கட்டு வித்தை என்று வியந்திருப்பர் என்பது அவர் கருத்து. அவருடைய வாதத்தில் கூர்மையான பகுதி இதுவே. கருவி போதாமையை அவர் குறை கூறவில்லை. கருவி வென்றாலும் தோல்வி என்கிறார். மலை என்று ஏட்டில் எழுதினால் ஒவ்வொரு வாசகனும் தான் கண்ட மலையைக் கொண்டு வந்து வைக்கிறான். படம் ஒரே மலையைத்தான் வைக்கும் என்றும் சொல்கிறார்.

திரைப்படத்தின் வரலாறு இந்த வாதத்துக்குப் பாதி ஆதரவும் பாதி மறுப்பும் தருகிறது. 1941 இல் வந்த ‘உல்ஃப் மேன்’ படத்தில் ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் ஒட்டிய மயிரும், ஒரு படத்தின்மேல் மற்றொன்றைக் கரைக்கும் உத்தியும் வேலை செய்தன. 1981 இல் லண்டனைக் களமாகக் கொண்ட ஓநாய் மனிதன் படத்தில் ரிக் பேக்கர் எலும்பு நீளுவதையும் முகம் புடைப்பதையும் வெளிச்சத்திலேயே காட்டினார். ஒப்பனைக்கான ஆஸ்கர் விருது அவருக்குக் கிடைத்தது. 1988 இல் ‘வில்லோ’ படத்தில் சூனியக்காரி ஒருத்தி விலங்கு விலங்காக மாறிப் பெண்ணாவதற்குக் கணிப்பொறி வந்துவிட்டது. ஒவ்வொன்றும் வந்தபோது மக்கள் வியந்தனர். எப்படிச் செய்தார்கள் என்று கேட்டனர். அந்தக் கேள்வியே டோல்கீன் சொன்ன கண்கட்டு வித்தைக்குரிய கேள்வி.

மறுப்பு எங்கே? 1942 இல், வால் லூட்டன் தயாரிப்பில் ழாக் தூர்னர் இயக்கிய ‘கேட் பீப்பிள்’ படத்தில். சிறுத்தையாக மாறுவதாக அஞ்சப்படும் ஒரு பெண்; அவளால் வெறுக்கப்படும் மற்றொரு பெண் இரவில் தனியே நீச்சற்குளத்தில் இருக்கிறாள். நீரின் அலை ஒளி சுவரிலும் கூரையிலும் ஆடுகிறது. ஒரு நிழல் தோன்றுகிறது. ஓர் உறுமல் கேட்கிறது. அவ்வளவே. செலவு குறைந்த படம். ஆயினும் அது கண்டுகொண்டது பெரிது. பில்போ போர்வைக்குள் கேட்ட அதே உறுமலைப் படக்கருவியும் கேட்கச் செய்ய முடியும். ஆகவே திரை என்பதனாலேயே அற்புதம் கெடுகிறது என்பது முழு உண்மை ஆகாது. காட்ட வல்லமை வந்த பிறகு காட்டாமலிருக்க மனம் வருமா என்பதுதான் சிக்கல்.

பியோர்ன் திரைக்கு வந்த கதை இந்தச் சிக்கலின் கதைதான். 1977 இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக வரைபடமாக எடுக்கப்பட்ட ‘ஹாபிட்’ அவனை அடியோடு விட்டுவிட்டது. பீட்டர் ஜாக்சன் நாவலை மூன்று படங்களாக 2012, 2013, 2014 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டார். இரண்டாம் படத்தில் பியோர்ன் வருகிறான்; ஸ்வீடன் நாட்டு நடிகர் மிக்கேல் பெர்ஷ்பிரான்ட் நடித்திருக்கிறார்.

தொடக்கத்திலேயே கரடி துரத்துகிறது. குள்ளர்கள் ஓடிச் சென்று ஒரு வீட்டுக்குள் புகுந்து கதவை அடைக்கின்றனர். கரடியின் முகம் கதவிடுக்கில் நுழைந்து உறுமுகிறது. அதன் பிறகே, துரத்தியவன்தான் வீட்டுக்குரியவன் என்று காண்டால்ஃப் அறிவிக்கிறான். நாவலில் மனிதன் முதலில் வருகிறான், கரடி பிறகு ஐயமாக வருகிறது. படத்தில் கரடி முதலில் உறுதியாக வருகிறது. ஐயத்துக்கு வேலை இல்லாமற் போயிற்று. மேலும், கரடி என்ன செய்யும் என்று சொல்ல இயலாது, மனிதனிடம் பேசிப் பார்க்கலாம் என்று படத்துக் காண்டால்ஃப் இரண்டாகப் பிரித்துக் கூறுகிறான். நாவலில் பேசிப் பார்க்க வேண்டிய அந்த மனிதனே அஞ்சத்தக்கவன். இந்த ஒரு வசனத்தால் இழந்தது, கணிப்பொறியால் இழந்ததைக் காட்டிலும் பெரிது.

படத்தின் சார்பிலும் சொல்ல வேண்டியது உண்டு. பிடரி முதுகு வரை இறங்கும் மயிரும் தழைந்த புருவமும் கொண்ட அந்த முகம் மனித முகமாகவே இருந்தும் முழுதும் மனித முகமாக இல்லை. நடிகரின் ஆங்கிலத்தில் ஒலிக்கும் வடநாட்டு ஓசை, பெயரிலேயே இருக்கும் நார்ஸ் வாடையைத் தற்செயலாகவோ அறிந்தோ கொண்டுவந்து விடுகிறது. பால் ஊற்றிக் கொடுக்கும்போது கையில் தெரியும் அறுந்த விலங்குச் சங்கிலி வாய்ச்சொல் இல்லாமல் ஒரு வரலாற்றைச் சொல்கிறது. அவ்வளவில் நிறுத்தியிருக்கலாம். அவன் இனத்தாரை ஓர்க்குகள் சிறைப்பிடித்து விளையாட்டாக வதைத்தனர், இப்போது அவன் ஒருவனே எஞ்சியிருக்கிறான் என்று அவன் வாயாலேயே விளக்கமும் தந்துவிட்டனர். நாவலில் அவன் தோற்றம் குறித்து இரண்டு கேள்விப்பேச்சுகள் உண்டு. காண்டால்ஃபுக்கே முடிவு தெரியாது. கரடியுரு எடுக்கும் ஆற்றல் அவன் வழியினர்க்குப் பல தலைமுறை இருந்தது என்றும் நாவல் இறுதியில் சொல்கிறது. சந்ததி உடையவனைக் கடைசி மனிதனாக்கியதில் திரைக்கு ஒரு சோகம் கிடைத்தது. சோகம் வந்ததும் மர்மம் வெளியேறிவிட்டது. துயருற்றவன் என்று தெரிந்த பின் அவனைக் கண்டு பில்போ எதற்காகப் போர்வைக்குள் ஒளிய வேண்டும்?

பணிவிடை செய்யும் ஆடுகளையும் நாய்களையும் படம் கைவிட்டது. திரையில் அவை வேடிக்கையாகிவிடும் என்று எண்ணியிருக்கலாம். இருவர் இருவராகக் குள்ளர்கள் வரும் பகுதி திரையரங்கப் படிவத்தில் இல்லை. 2014 இல் வந்த நீட்டித்த படிவத்தில் இடம்பெற்றது. கதை சொல்லி விலங்கை அடக்கும் காட்சிதான் நீளம் கருதி முதலில் வெட்டத்தக்கதாகப் பட்டிருக்கிறது!

போர்க்களம் எஞ்சியிருக்கிறது. நாவலில் ஐந்து படைகளின் போர் நடுவில் பில்போ தலையில் அடிபட்டு நினைவிழந்துவிடுகிறான். பியோர்ன் வந்ததை அவன் காணவில்லை, பிறகு கேள்விப்படுகிறான். தன்னந்தனியே, எங்கிருந்து வந்தான் என்று எவரும் அறியாதபடி, கரடி உருவில், சினத்தால் பூதாகரமாக வளர்ந்து வந்தானாம். அடிபட்ட தோரினைத் தூக்கிச் சென்று வெளியே விட்டு, மீண்டும் வந்து பகைத்தலைவன் போல்க்கை நசுக்கினானாம். ‘ஆம்’ என்று முடியும் செய்திகள். மூன்றாம் படத்தில் அவன் கழுகின் முதுகிலிருந்து மனிதனாகக் குதிக்கிறான். தரையைத் தொடுவதற்குள் நடுவானில் கரடியாகிறான். நாவல் முழுவதும் எழுதாமல் வைத்திருந்த கணம் அது. சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. குறை சொல்ல முடியாத கணிப்பொறி வேலை. மயிர் மயிராக நம்பத்தக்கது. அரங்கில் ஆரவாரம் எழும். கதையோ அதன் பிறகு அவனைக் கவனிக்காமல் வேறிடம் போய்விடுகிறது. எண்பது ஆண்டுகளுக்கு அருகாக வாசகர்கள் தத்தம் மனத்தில் வைத்திருந்த கரடிகள் அத்தனைக்கும் மாற்றாக அந்த ஒரு கரடி.

டோல்கீன் தம் நாவலுக்குத் தாமே படங்கள் வரைந்தவர். முதற்பதிப்பிலேயே பியோர்னின் கூடம் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியமாக இடம்பெற்றிருக்கிறது. தூண்கள் வரிசையாகப் பின்னோக்கிச் செல்கின்றன, நடுவில் நெருப்பு, மேலே புகை. வீட்டுக்காரனை மட்டும் அவர் வரையவில்லை.