அண்ணன் விட்டுப்போன ஹெரால்டு: சீர்செய்வதா, விற்பதா?

(நம் சங்கத்தின் மூத்தோர் மாலைச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவனைப் பேசக் கூப்பிட்டால், வைப்புநிதி வட்டி பற்றித்தான் கேட்பார்கள். செயலாளர் இந்த முறை, "உங்க பழைய காரைப் பத்திப் பேசுங்க சார்" என்றார். காரணம் உங்களுக்குத் தெரியும். அசையாமல் நிற்கும் வண்டிகளைப் பார்க்கிங்கிலிருந்து எடுக்கச் சொல்லி சங்கம் சுற்றறிக்கை அனுப்பிய அதே வாரம், நான் ஒரு பழைய காரை இங்கே கொண்டுவரப் போகிறேன் என்று வாட்ஸ்அப் குழுவில் பேச்சு கிளம்பிவிட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இடம் கேட்கப் போவதில்லை. பயப்படாமல் கேளுங்கள்.

கைப்பேசியில் படத்தைப் பார்த்த பி பிளாக் பையன், "தாத்தா, இது மஸ்டாங்கா?" என்று கேட்டான். கூரை இல்லாத கார் என்றால் பிள்ளைகளுக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் 1964-இல் வந்த ஃபோர்டு மஸ்டாங்கில் எட்டு சிலிண்டர் இன்ஜினும் கிடைத்தது. எங்கள் வண்டியில் நான்கு சிலிண்டர், 948 சிசி. இன்றைய சிறிய கார்களுக்கே அதைவிடப் பெரிய இன்ஜின் இருக்கிறது. ஆனால் பழைய மஸ்டாங்கை வைத்திருப்பவரும் நானும் படுகிற குழப்பம் ஒன்றுதான்: இதைச் சீர்செய்வதா, அப்படியே விடுவதா, விற்பதா?

இது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஆங்கிலேய ட்ரையம்ஃப் ஹெரால்டுக்கு உருவம் வரைந்தவர் ஜியோவான்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 1959-இல் அங்கே வந்தது. 1961 முதல் நம் வண்டலூர்ப் பக்கம், ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலையில் செய்தார்கள். வாலாஜாபாத், ஒரகடம் வழியாகப் போனால் இங்கிருந்து வரும் அதே வண்டலூர்தான். அம்பாசிடர், பியட், ஹெரால்டு என்று மூன்றே கார்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த காலம் அது. ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வருவதற்கு முப்பது வருடத்துக்கு மேல் முன்பே நம் மாவட்டத்துப் பக்கம் கார் செய்திருக்கிறார்கள் என்பது பலருக்கு மறந்துவிட்டது.

எங்கள் வண்டி 1965-இல் வந்த இரண்டு கதவு வண்டி. கூரத்தில் தறி போட்டிருந்த என் அண்ணன் 1979-இல் இரண்டாம் கையாக வாங்கினார். 1984-இல் ஒரு மெக்கானிக்கை வைத்து மேல்கூரையைக் கழற்றிவிட்டு, ரெக்சின் துணியில் ஒரு மடக்குக் கூரை போட்டார். இது பலரும் நினைப்பதைவிடச் சுலபம். ஹெரால்டில் அடிச்சட்டம் தனி, அதன்மேல் உடம்பு தனி. கூரையே போல்ட் போட்டு மாட்டியதுதான். பியட்டில் அப்படி இல்லை. அதில் உடம்புதான் பாரம் தாங்குகிறது. கூரையை வெட்டினால் நடு முதுகு தொய்ந்துவிடும்.

அந்த வண்டியில்தான் அண்ணன், அண்ணியை வைகாசி கருட சேவைக்கு வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போவார். விடியற்காலை இருட்டில், தலைக்கு மேலே வானம் தெரிய, பின்சீட்டில் நானும் போயிருக்கிறேன்.

அண்ணன் போன வருடம் தவறிவிட்டார். தறிக்கொட்டகையை ஒட்டிய சாய்ப்பில் வண்டி பதினோரு வருடமாக நிற்கிறது. அந்தக் கொட்டகையைப் பிரிக்கப் போகிறார்கள். வண்டி வெளியே வந்தாக வேண்டும். கூரத்தாழ்வான் அவ்வளவு செல்வத்தையும் விட்டுவிட்டுத் திருவரங்கம் போன ஊர் எங்களுடையது. நான் ஒரு தகர வண்டியை விட முடியாமல் ஆறு மாதம் திண்டாடினேன்.

வங்கியில் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாத தொகையை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போடுவோம். ஆனால் அது அங்கேயே கிடந்தால் ஆடிட்டர் விடமாட்டார். நம் பார்க்கிங்கில் உறை போட்டு, டயர் இறங்கி நிற்கும் மூன்று வண்டிகளும் அந்தக் கணக்கில்தான் இருக்கின்றன. உரியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், என் வண்டியும் அப்படித்தான் இருந்தது. முடிவெடுக்காமல் இருப்பதும் ஒரு செலவு. ஒவ்வொரு மழைக்கும் துரு கொஞ்சம் தின்கிறது.

ஒரு நோட்டை எடுத்து எழுதினேன். முழுதாகப் பிரித்து, பெயின்ட் அடித்து, புதிது போல ஆக்க மெக்கானிக் சொன்ன தொகை நாலரை லட்சம். ஓட வைத்து, பிரேக்கைச் சரிசெய்து, துருவை நிறுத்த மட்டும் தொண்ணூறாயிரம். பழைய இரும்புக்குப் போட்டால் முப்பதாயிரம் கைக்கு வரும். முதல் தொகையைப் போட்டால் விற்கும்போது திரும்ப வருமா? வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த வண்டியைச் சொத்துப் பட்டியலில் எழுதாதீர்கள், செலவுப் பட்டியலில் எழுதுங்கள். அப்போதுதான் உண்மை தெரியும்.

அடுத்தது சட்டம். 2021-இல் மத்திய அரசு பழங்கால வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவாகி ஐம்பது வருடம் கடந்திருக்க வேண்டும். அசல் வடிவில் இருக்க வேண்டும். அடிச்சட்டத்திலோ உடம்பிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிய பதிவுக்குக் கட்டணம் இருபதாயிரம், எண்ணில் 'விஏ' என்ற எழுத்து வரும். ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று இவற்றுக்குத்தான் ஓட்டலாம். வழக்கமாகக் கோயிலுக்கும் கடைக்கும் போக முடியாது.

சாதாரணப் பதிவிலேயே புதுப்பிக்கலாம் என்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு நிற்கிறது. தயாரித்தவர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. எங்கள் ஆர்.சி.யில் இருப்பது மூடிய கார், சாய்ப்பில் நிற்பது திறந்த கார். ஆக, எந்த வழியில் போனாலும் கூரை வேண்டும்.

அந்தக் கூரை இருந்தது! நாற்பது வருடமாகக் கொல்லையில் விறகுக்கு மூடியாகக் கிடந்தது. ஓரங்களில் துரு, நடுவில் ஒரு பள்ளம், மற்றபடி முழுசு.

ஆனால் அண்ணியிடம் எப்படிச் சொல்வது? அவருக்கு அது திறந்த வண்டி. அண்ணன் ஆசையாகச் செய்தது. தயங்கித் தயங்கித்தான் போனேன். அண்ணி காபி கொடுத்துவிட்டு, "கூரை இருந்தா என்னங்க தம்பி, கண்ணாடிய எறக்கினா காத்து வராதா?" என்றார். நோட்டில் நான் எழுதிய பதினாறு பக்கத்தை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

ஆகவே முடிவு இது. முழுச் சீரமைப்பு இல்லை. கூரையை மாட்டுகிறோம். பிரேக், டயர், மின்கம்பி, துரு, இவ்வளவுதான். வெளுத்த பெயின்ட் அப்படியே இருக்கட்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31, அண்ணி பெயரில். அதன் பிறகு ஆர்.சி. புதுப்பித்தல். வண்டி நிற்கப்போவது கூரத்திலேயே, அண்ணி வீட்டு வாசல் பந்தலில்.

உங்கள் யாரிடமாவது இப்படி ஒரு வண்டி இருந்தால், என் அனுபவத்தில் நாலு வார்த்தை. ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண், இன்ஜின் எண் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். வருடக்கணக்காக நின்ற இன்ஜினை ஆசையில் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, கையால் சுற்றிப் பாருங்கள். பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள். இப்போது பங்கில் கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது, பழைய ரப்பர் ஹோஸை அது கெடுக்கும். ஹோஸ்களை மாற்றுங்கள். பட்டன் நன்றாகத் தெரிந்தாலும் பழைய டயரை நம்பாதீர்கள். ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும், பிரேக்குக்குத்தான் முதல் செலவு. கழற்றும் ஒவ்வொரு சாமானையும் படம் எடுத்து, பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். தெரியாத சாமானைப் புதுப்பேட்டையில் தேடுவதைவிட, இருப்பதைத் தொலைக்காமல் இருப்பது சுலபம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி: இந்த வண்டியில் யார், எங்கே போகப் போகிறார்கள்? அதற்குப் பதில் இருந்தால் தேவையான அளவு செலவு செய்யுங்கள். பதில் இல்லையென்றால் வருத்தப்படாமல், ஓட்டப்போகிற ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். இரண்டும் மரியாதையான முடிவுதான். உறை போட்டு மூடி வைப்பதுதான் முடிவு இல்லை.

எங்கள் பதில்: அண்ணி, அடுத்த வைகாசிக் கருட சேவைக்கு. அந்தப் பி பிளாக் பையனுக்கும் பின்சீட்டில் ஓர் இடம் வைத்திருக்கிறேன்.