துயருற்ற வீடும் அண்டை வீடும்
(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பேரிடரில் அனைத்தையும் இழந்தவருக்கு நாம் அரிசி தருகிறோம், போர்வை தருகிறோம், இயன்றால் வீடும் கட்டித் தருகிறோம். அவருடைய பழைய தெருவைப் பற்றி எவரும் எண்ணுவதில்லை. அது குறித்தே சில வார்த்தைகள் பேச விழைகிறேன்.

1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே நகரை நிலநடுக்கம் உலுக்கியது. 6,400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தற்காலிக வீடுகள் குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டன, முதியோருக்கு முன்னுரிமை. நீதியான ஏற்பாடு என்றே எவரும் கூறுவர். ஆனால் ஒரே தெருவில் பல்லாண்டுகள் வாழ்ந்தவர்கள் திசைக்கொருவராகச் சிதறினர். சுவருக்கு அப்பால் இருப்பவர் யாரென்றே அறியாத அக்குடியிருப்புகளில், முதியவர்கள் தனியே இறந்து, நாட்கணக்கில் எவர் கண்ணிலும் படாமல் கிடந்தனர். ‘கொதோகுஷி’, அதாவது தனிமைச் சாவு என்னும் சொல் நாடெங்கும் பேசப்படலாயிற்று.

2011 மார்ச் 11 அன்று அதே நாட்டில் ஆழிப்பேரலை. செந்தாய் நகருக்குத் தெற்கே உள்ள இவனுமாவில் சிலர் குலுக்கலில் தனித்தனியே வீடு பெற்றனர். சிலர் தம் அண்டை வீட்டாருடன் கூட்டமாகக் குடிபெயர்ந்தனர். பேரலைக்கு ஏழு மாதங்களுக்கு முன்பே அவ்வூர் முதியோரின் நிலையை ஆய்வாளர்கள் கேட்டுப் பதிந்திருந்தது ஒரு தற்செயல். 2013-இல் மீண்டும் கேட்டனர். கூட்டமாகச் சென்றோரிடையே நண்பர்களைச் சந்திப்பது முன்னைவிட மிகுந்திருந்தது. தனித்துச் சென்றோரிடையே குறைந்திருந்தது. அக்கம்பக்கத்தார் இணக்கமாக வாழ்ந்த பகுதிகளில், அதிர்ச்சிக்குப் பின் மனத்தை வாட்டும் நோய்க்குறிகளும் குறைவாகவே காணப்பட்டன.

நம்மிடம் வருவோம். ஜஅஃபர் (ரலி) அவர்கள் மூத்தா போரில் ஷஹீதான செய்தி வந்தபோது, அக்குடும்பத்தாருக்கு உணவு சமைத்து அனுப்புமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அவ்வழக்கத்தை நம் மஹல்லா இன்றும் காக்கிறது. ஆயினும் மூன்று நாட்களில் சட்டி திரும்பி வந்துவிடுகிறது. இத்தா இருக்கும் பெண்ணுக்கு நான்கு மாதம் பத்து நாள். நம் நினைவோ மூன்று நாள்! வருவோரிலும் சிலர், விபத்து எப்படி நடந்தது என்று மீண்டும் மீண்டும் கிளறுகின்றனர். உறக்கமின்றி, சிறு ஓசைக்கும் திடுக்கிடுபவரை ‘ஈமான் குறைவு’ என்போரும் உளர். யூசுஃபைப் பிரிந்த யஃகூப் நபி (அலை) அவர்களின் கண்கள் துயரத்தால் வெளுத்தன. அவர்களுடைய ஈமானையா குறை சொல்வது?

நிர்வாகக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளத்திலோ தீயிலோ வீடிழந்தோருக்கு வாடகை வீடு பார்க்கும்போது, வாடகையை மட்டும் பாராமல், பழைய அண்டை வீட்டார் இருவரேனும் அருகில் அமையுமாறு பாருங்கள். இத்தா முடியும் வரை வாரந்தோறும் சென்று வரும் பொறுப்பை அந்தந்தத் தெருப் பெண்களிடம் ஒப்படையுங்கள். மாதங்கள் கடந்தும் உறக்கம் திரும்பாதவரை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லவும் ஓர் ஆள் வேண்டும். அதற்கான ஆட்டோ கட்டணத்தைப் பைத்துல்மாலிலிருந்து தர இயலுமா என்பதைச் செயலாளர் இக்கூட்டத்திலேயே அறிவிப்பாராக.